கணவரின் இடைவாரும் மாமியாரின் அகப்பையும்

மட்டக்களப்புப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கங்களில் கடிதம் வரைந்திருக்கிறார். எனக்கு வரும் கடிதங்களுட் பெரும்பாலானவற்றுக்கு இரண்டொரு வரிகளில் விடை சொல்லிவிடலாம். இதற்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. ஆகையால் இக்கிழமை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். அவருடைய இல்லத்தில் நடப்பது நம்மிற் பலருடைய இல்லங்களிலும் நடப்பதுதான் என்பதால், ஏனைய சகோதரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். அவருடைய கணவருக்கு வயது 42. கந்தோரில் நாள் முழுவதும் கதிரையில் அமர்ந்து செய்யும் உத்தியோகம். உயரம் 165 சென்ரிமீற்றர். நிறை 78 கிலோ. இரண்டு வருடங்களில் இடைவாரில் மூன்று துளைகள் பின்னே போய்விட்டனவாம். சென்ற மாதம் வெறுவயிற்றிற் குருதியைச் சோதித்தபோது சீனியின் அளவு 112 என்று வந்தது. "இன்னும் நீரிழிவு ஆகவில்லை, ஆனால் அதன் வாசற்படியில் நிற்கிறீர்கள். நிறையைக் குறையுங்கள்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிக் குறைப்பது என்று கேட்க அவகாசம் இல்லை; வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த மனிதர் அன்றிரவே சோற்றைத் துறந்தார். ஒன்பது நாட்கள் மதியத்தில் நாலு பிஸ்கற்றும் ஒரு தேநீரும் மாத்திரம். நாலு மணிக்குப் பசி தாளாமல், கந்தோர்ச் சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ் இரண்டு, பற்றீஸ் ஒன்று. பத்தாம் நாள் துறவு கலைந்தது. அதன் பின்னர் சகோதரி ஒருவருக்கும் சொல்லாமல் உலையில் ஒரு சுண்டு அரிசியைக் குறைத்தார். அங்கேதான் வந்தது வினை. பானையை எட்டிப் பார்த்த மாமியார், "என் பிள்ளை உழைத்துக் கொண்டுவர, அவனுக்கு ஒரு பிடி சோறு போட மனமில்லையா?" என்று கேட்டதோடு நில்லாமல், அயல் வீட்டாரிடமும் சொல்லிக் கண்ணீர் விட்டிருக்கிறார்.

"ஊர் என்னைக் கஞ்சி என்று பேசட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவருடைய தகப்பனார் நீரிழிவினால் ஒரு காலை இழந்து, 56 வயதிற் காலமானவர். அந்தக் கட்டிலை இன்னும் நாங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு நித்திரை வருவதில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் சகோதரி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்குச் சில வேளைகளில் அச்சத்தைக் குறைக்கும். கிலோக் கணக்கில் உள்ள நிறையை, மீற்றர்க் கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்தால் உடற்றிணிவுச் சுட்டி வரும். தங்கள் கணவருக்கு அது 28 க்கும் 29 க்கும் இடையில். ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே அபாயம் ஏறத் தொடங்குகிறது என்றும், 27.5 ஐத் தாண்டினால் அபாயம் பெரிது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இடுப்புச் சுற்றளவு நம்மவரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டிருத்தல் நன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்கவேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளந்து திருப்திப்படுகிறவர்களை நான் அறிவேன்.

இதைப் படித்ததும், "அப்படியானால் அவர் 62 கிலோவுக்கு வரவேண்டுமா?" என்று தாங்கள் திகைக்கலாம். வேண்டியதில்லை. 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இவரைப் போல வாசற்படியில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கு நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதும், கிழமைக்கு 150 நிமிடம் உடலை அசைப்பதுமே. அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. தங்கள் கணவருக்கு ஏழு பங்கு என்பது ஐந்தரைக் கிலோ. ஆறு மாதத்தில் ஆறுதலாகக் குறைத்தாற் போதும். நமக்கு இன்னும் அணித்தான ஒரு சான்றும் உண்டு. சென்னை வைத்தியர்கள் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 வீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய நிறை பெரிதாக இறங்கவில்லை! ஆகையால் நாள்தோறும் தராசில் ஏறி முகம் வாடுவதில் பிரயோசனம் இல்லை. கிழமைக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் நிறுத்தாற் போதுமானது.

இனிச் சமையலறைக்கு வருவோம். சோற்றைத் துறந்ததுதான் தங்கள் கணவர் செய்த முதற் பிழை என்பது என் அபிப்பிராயம். சோறு நமக்கு எதிரியன்று. பீங்கானில் அது பிடித்திருக்கும் இடமே நாம் கவனிக்கவேண்டியது. நம்மவர் பீங்கானிற் சோறு மலையாகவும், கறிகள் அதன் அடிவாரத்துக் குடிசைகளாகவும் இருக்கின்றன. இதை மாற்றிப் பீங்கானிற் பாதியை இலைக்கறிக்கும் மரக்கறிக்கும், காற்பங்கை மீனுக்கோ பருப்புக்கோ கொடுத்து, எஞ்சிய காற்பங்கிற் சோற்றை வையுங்கள். தவிடு நீங்காத சிவப்புக் குத்தரிசியானால் பசி தாங்கும். ஆனால் குத்தரிசி என்பதற்காக ஓர் அகப்பை கூடப் போட அனுமதி இல்லை.

"இரவிற் சோற்றை விட்டுவிட்டோம், பாண்தான்" என்று பெருமையோடு சொல்வோர் பலர். அரை இறாத்தற் பாணில் 500 கலோரிக்கு மேல் உண்டு. அது சமைத்த சோற்றில் ஏறத்தாழ 400 கிராமுக்கு, அதாவது நன்றாகக் குவித்த ஒரு பீங்கானுக்குச் சமம். சோற்றை வாசலால் அனுப்பிவிட்டு அதன் தம்பியைக் கோடியால் அழைத்து வந்த கதைதான் இது.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது தேநீரைப் பற்றி. சோற்றைக் கண்டு அஞ்சுகிறவர்கள் தேநீரைக் கணக்கிலே சேர்ப்பதில்லை. தங்கள் கணவர் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை குடிப்பதாகவும், கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றும் எழுதியிருக்கிறீர்கள். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். ஐந்து கோப்பைக்கு 40 கிராம். மாதத்திற்கு 1200 கிராம்! ஒரு மனிதர் தனியே ஒரு கிலோவுக்கு மேற்பட்ட சீனியைத் தண்ணீரிற் கரைத்தே குடித்துவிடுகிறார். நம் வீடுகளிற் கரண்டியை வழித்துப் போடும் வழக்கமும் இல்லை, குவித்தே போடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறிய நல்லளவு, பிஸ்கற், குளிர்பானம் ஆகியவற்றிற் சேர்க்கப்பட்டதும் உட்பட நாள் முழுவதற்கும் ஏறக்குறைய 25 கிராம். மேற்சொன்ன 40 கிராமிலே 160 கலோரி இருக்கிறது. ஐந்தரைக் கிலோவை ஆறு மாதத்தில் இறக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 235 கலோரி குறையவேண்டும் என்பது காகிதக் கணக்கு. உடம்பு கணக்குப் புத்தகத்தைப் பார்த்து நடப்பதில்லை. நாட்செல்ல இறக்கம் மந்தமாகும். ஆயினும் சோற்றிற் கை வைக்குமுன்னரே பாதிக்கு மேல் தேநீரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் மூன்றாம் நாள் கந்தோரிற் களவாகக் குடிப்பார். இரண்டு கரண்டியை ஒன்றரை ஆக்குங்கள். பத்து நாட் கழித்து ஒன்று. அதன் பின்னர் அரை. நாக்கு அதற்குப் பழகிவிடும் என்பதை என் சொந்த அனுபவத்திலேயே சொல்கிறேன். முன்னர் நான் விரும்பிக் குடித்த தேநீர் இப்போது எனக்குப் பாணியைப் போலத் தோன்றுகிறது. பனங்கட்டியைக் கடித்துக் குடித்தாற் குற்றமில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பனங்கட்டியும் சீனியே, ஒரு சிறு துண்டை ஆறுதலாகக் கடிப்பதால் அளவு குறையுமானால் அவ்வளவே நன்மை. தங்கள் ஊர் எருமைத் தயிரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கொழுப்புச் சற்று அதிகமாதலால் ஒரு சிறு கிண்ணம் போதும். ஆனால் தயிரைக் காட்டிலும் அதன் தலையிற் கொட்டுகிற சீனியே பெரிய குற்றவாளி.

குளிர்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் வர்ண அடையாளம் 2016 முதல் நம் நாட்டில் உண்டு. சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது என்பது பொருள். பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.

நாலு மணிப் பசிக்கு ரோல்சைத் தவிர வழியில்லை என்று எண்ணவேண்டாம். மதியச் சோறு ஒழுங்காக இருந்தாலே அந்தப் பசி பாதியாகிவிடும். மீதிக்கு அவித்த கௌபியோ பயறோ கடலையோ ஒரு சிறு பெட்டியில் அனுப்புங்கள். ஒரு கொய்யாப்பழம் சேர்ந்தால் இன்னும் நன்று. வீட்டில் எண்ணெய்ப் பொரியலைக் கிழமைக்கு ஒரு நாளாகச் சுருக்குங்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாச்சத்தில் 4 தான். கத்தரிக்காய் எண்ணெயை எப்படிக் குடிக்கும் என்பதைச் சமைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயை விலக்கச் சொல்லமாட்டேன்; அப்படிச் சொன்னால் இந்தப் பத்திரிகையை யாரும் வாங்கமாட்டார்கள். சொதிக்கு இரண்டாம் பாலும், வறைக்கு ஒரு பிடி பூவும் போதும். இராச்சாப்பாடு பத்து மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எட்டு மணிக்குக் கொண்டுவந்து, பின்னர் கணவரும் தாங்களும் சேர்ந்து அரை மணித்தியாலம் ஒழுங்கை முடிவு வரை நடந்துவிட்டு வாருங்கள். கிழமையில் ஐந்து நாள் நடந்தால் அந்த 150 நிமிடமும் கணக்காகிவிடும்.

நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைப் பார்த்து உணவைக் குறைத்துவிடக் கூடாது. குருதியிற் சீனி திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம்.

இனி மாமியார். சகோதரி, தங்கள் மாமியார் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டதென்றால், அவர் இளம் பெண்ணாய் இருந்த எழுபதுகளில் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றிருப்பார். மரவள்ளிக்கிழங்கை அவித்து ஒரு வேளையை ஒப்பேற்றியிருப்பார். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியின் பின்னர் கூரையில்லாத வீட்டிற் கைக்குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று கலங்கிய தாய்மார் தங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர்! அதன் பிறகு யுத்தம், அகதி முகாம், 2004 இல் கடல். சோறு இல்லாத நாட்களைக் கண்ட கை, சோறு இருக்கும் நாளில் அகப்பையை இறுக்கிப் பிடிக்காது. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பதுதான் அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த அன்பு மொழி. அவர் அறியாமல் ஒரு சுண்டு அரிசியைக் குறைத்தது, அவர் கண்ணுக்கு மகன் மீதுள்ள அன்பையே குறைத்தது போலத் தோன்றியிருக்கிறது.

ஆகவே ஒளித்துச் செய்யாதீர்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிச் செல்லுங்கள். வைத்தியர் சொல்வதை அவர் காதாற் கேட்கட்டும். மருமகள் சொன்னாற் குற்றமாவது வைத்தியர் சொன்னால் மருந்தாகும். அந்தக் கட்டிலைப் பற்றித் தாங்கள் எனக்கு எழுதியதை அவரிடம் என்றாவது சொன்னதுண்டா? அதில் படுத்திருந்தவரைப் பராமரித்தவர் அவர்தானே. தங்களைப் போலவே அவருக்கும் அதைப் பார்த்து நித்திரை வராமல் இருக்கலாம்.

இன்னுமொன்று. கீரைக்கறிகளின் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், குரக்கன் பிட்டு என்று அவர் தம் தாயாரிடம் பழகியவற்றை மகனுக்குத் தம் கையாலேயே செய்து போடட்டும். கொடுக்கிற கை கொடுத்துக்கொண்டே இருக்கும். கொடுப்பது மாத்திரம் மாறும். கணவருக்கென்று தனிப் பத்தியச் சமையலும் வேண்டாம். வீடு முழுவதும் ஒரே சாப்பாடு. தாங்களும் அவர் ஒவ்வொரு வாய் உண்ணும்போதும் காவற்காரியைப் போல நின்று பார்க்காதீர்கள். அது சண்டையில் முடியும்.

தங்கள் மகளுக்கு வயது 12 என்றும், அவளும் சற்றுப் பருமன் என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு மேற்சொன்ன எண்கள் பொருந்தா. அவளிடம் நிறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். உறவினர் பேசினாலும் தடுத்துவிடுங்கள். காலையில் உண்ணாமற் பாடசாலைக்குப் போகிறாளா என்பதை மாத்திரம் கவனியுங்கள்.

அடுத்த பரிசோதனை வைகாசி மாதத்தில் என்று குறித்திருக்கிறீர்கள். எண் குறைந்தாலும் குறையாவிட்டாலும் எழுதுங்கள். மாமியாரின் குரக்கன் பிட்டுச் செய்முறையையும், அவர் சம்மதித்தால், உடன் அனுப்பிவையுங்கள். பல சகோதரிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது ஒருமுறையும் உதிரியாக வந்ததில்லை.