பிஞ்சுக் கரங்களில் ஓர் அமானிதம்

 

ரமளான் நோன்பு கடமையாக்கப்படுவதற்கு முந்திய காலம். ஓர் ஆஷூரா நாளின் காலையில், அன்ஸாரிகள் வாழ்ந்த சிற்றூர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பி, அன்றைய நோன்பைப் பற்றி அறிவிக்கச் செய்தார்கள். தாய்மார்கள் தாமும் நோன்பிருந்து, தம் சிறு பிள்ளைகளையும் நோன்பிருக்கப் பழக்கினார்கள். பசி தாளாமல் பிள்ளை அழுதால், கம்பளி உரோமத்தால் தாமே செய்து வைத்திருந்த விளையாட்டுப் பொருளை அதன் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை அதன் கவனத்தைத் திருப்பினார்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

ஸஹாபாப் பெண்மணிகள் தம் கையால் செய்த அந்தப் பொருள் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது மெத்தென்றிருக்கும், பிடித்தால் கதகதப்பாயிருக்கும், பிசைந்தால் உருமாறும். அழுகின்ற குழந்தையின் விரல்களுக்கு அது வேலை கொடுத்தது. விரல்களுக்கு வேலை கிடைத்ததும் மனம் அமைதியுற்றது.

இன்று இத்தகையவற்றைப் புலன் விளையாட்டுப் பொருட்கள் என்கிறார்கள். தொட்டும், குலுக்கிக் கேட்டும், முகர்ந்தும், பிசைந்தும் குழந்தை உலகை அறிவதற்கு உதவுபவை இவை. 1907ஆம் ஆண்டு ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், சொரசொரப்பும் வழவழப்பும் கொண்ட பலகைகளையும், பலவகைத் துணித் துண்டுகளையும், வெவ்வேறு ஓசை எழுப்பும் குழல்களையும் கொண்டே பிள்ளைகளின் புலன்களைப் பழக்கினார். அவரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்தார். நம் இல்லங்களுக்கு இது முற்றிலும் புதிதுமல்ல. பனையோலைக் கிலுகிலுப்பையும், அம்பாசமுத்திரத்து மரச் சொப்பும், புளியங்கொட்டை நிரம்பிய பல்லாங்குழியும் நம் பாட்டிமார் கண்டவையே.

இப்பொருட்களை வீட்டிலிருந்தவாறே செய்து விற்கும் சகோதரிகள் இப்போது பெருகி வருகிறார்கள். குடும்பத்தைப் பேணிக்கொண்டே ஹலாலான வருவாய் ஈட்டும் வழி என்பதால் இது வரவேற்கத் தக்கதே. ஆயினும், இத்தொழிலில் இறங்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டிய ஒன்று உண்டு. அதனை எங்கள் மஹல்லாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியின் வாயிலாகவே கூற விரும்புகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியுடனேயே இதனை எழுதுகிறேன்.

அவருடைய மகள் எங்கள் மதரஸாவில் ஓதுகிறாள். கணவர் வளைகுடாவில் வேலையிழந்து ஊர் திரும்பிய பின், அச்சகோதரி தையல் வேலையை மேற்கொண்டார். வெட்டி எஞ்சிய துணிகளில் உள்ளங்கையளவுப் பைகளைத் தைத்து, பஞ்சு, தேங்காய் நார், கோரைத் துண்டு, புளியங்கொட்டை என ஒவ்வோர் இணையிலும் ஒவ்வொரு பொருளை நிரப்பினார். கண்ணை மூடித் தொட்டுப் பார்த்து ஒத்த இணையைக் கண்டுபிடிப்பது விளையாட்டு. எட்டுப் பைகள் கொண்ட தொகுப்பு ஒன்றின் விலை 150 ரூபாய். மதரஸா ஆண்டு விழாவிலும், தெரிந்தவர்கள் மூலமாகவும் 43 தொகுப்புகள் விற்றன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், வாங்கியவர்களுள் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். துவைத்தபின் ஒரு பையின் தையல் விட்டிருக்கிறது. பதினான்கு மாதக் கைக்குழந்தையின் உதட்டோரத்தில் ஒரு புளியங்கொட்டை தென்பட, பாட்டியார் கண்டு எடுத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அத்தாய் கோபிக்கவுமில்லை, வேறு பை தந்தால் போதும் என்றார்.

அன்று அஸருக்குப் பின் அச்சகோதரி தம் கணவருடன் என் வீட்டிற்கு வந்தார். "ஹஜ்ரத், விட்டது ஒரு தையல். அதற்காக நாற்பத்து மூன்று வீட்டுக்கும் சொல்ல வேண்டுமா? சொன்னால் இனி யார் என்னிடம் வாங்குவார்கள்?" என்று கேட்டார்.

மறைக்காமல் கூறுகிறேன். அவருடைய வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆகவே, இனிமேல் கவனமாகத் தையுங்கள், இதனை விட்டுவிடுங்கள் என்றே முதலில் என் நா எழுந்தது. அப்போது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி நினைவுக்கு வந்தது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய்யுரைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது அதன் கருத்து. விற்காமல் இருந்த பைகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்பது பைகளை இழுத்துப் பார்த்ததில் இரண்டு பிரிந்தன. துணி தளர்வான நெசவு. தையலோ விளிம்பை ஒட்டி ஒற்றை வரியாக ஓடியிருந்தது. துவைக்கத் துவைக்கப் பிசிறு பிரிந்து தையல் நழுவியிருக்கிறது. அதன்பின் அவருடைய கேள்விக்கு நான் விடை கூற வேண்டியிருக்கவில்லை. அவரே எழுந்து, "இன்றைக்கே சொல்லி விடுகிறேன்" என்றார்.

தொலைபேசி எண் இருந்தவர்கள் அனைவரையும் அழைத்தார். மற்றவர்களுக்காக ஜமாஅத்தாரின் அனுமதியோடு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்யப்பட்டது. 39 குடும்பத்தார் அகப்பட்டனர். 13 பேர் திருத்தித் தைத்தால் போதும் என்றனர். 26 பேர் பணத்தைத் திரும்பப் பெற்றனர். அந்த 3,900 ரூபாய், பெருநாள் துணிக்கென ஒதுக்கி வைத்திருந்த தொகை. எஞ்சிய நால்வர் இன்றுவரை அகப்படவில்லை. அந்த நான்கு வீட்டுக் குழந்தைகளுக்காக ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆச் செய்வதாக அச்சகோதரி கூறுகிறார்.

இதனால் அவருடைய வியாபாரம் உடனே செழித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான், அவ்வாறு நிகழவில்லை. பல மாதங்கள் ஆர்டர் ஏதுமின்றி மீண்டும் ரவிக்கை தைத்தார். பிறகு, பணத்தைத் திரும்பப் பெற்றவர்களுள் சிலரே மெல்ல மெல்லத் திரும்பி வந்தனர். இப்போது அவர் உள்ளே ஒரு பை, வெளியே ஒரு பை என இரட்டைத் தையலிட்டுத் தருகிறார். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விதையோ மணியோ வைத்த எதனையும் விற்பதில்லை.

சகோதரிகளே! கைக்குழந்தைக்குக் கையும் வாயும் ஒன்றே. கொடுத்த பொருள் யாவும் வாய்க்குச் செல்லும் என்று கொண்டே இத்தொழிலைச் செய்ய வேண்டும். விளையாட்டுப் பொருட்களைச் சோதிப்போர் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்றை வைத்திருப்பார்கள். அதனுள் முழுவதுமாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் விளையாட்டுப் பொருளில் இருத்தலாகாது, அதிலிருந்து கழன்று வரவும் கூடாது. இழுத்தும், நனைத்தும், கீழே போட்டும் பார்த்த பின்னரே விற்பனைக்கு வையுங்கள்.

அழகாயிருக்கிறதே என்று குன்றிமணியைக் கையாளவே கூடாது. அதன் உள்ளிருப்பது கொடிய நஞ்சு. மென்றாலோ, துளையிட்டு ஓடு உடைந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அவ்வாறே. தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகளை விழுங்கிய குழந்தைகளுக்கு, அவை வயிற்றினுள் பருத்துக் குடலை அடைத்த நிகழ்வுகள் உண்டு. மாவும் உப்பும் கலந்து பிசையும் களி பாதுகாப்பானதெனப் பலர் நம்புகின்றனர்; அதனை மிகுதியாகத் தின்றால் அந்த உப்பே தீங்காகும். அரிசிக்குச் சாயமேற்றி விளையாடக் கொடுப்பதைப் பற்றியும் சிலர் வினவுகின்றனர். உண்ணும் உணவை வீணாக்காதிருப்பதே நமக்கு அழகு. பத்தமடையில் பாய் நெய்யும் நம் சகோதரிகளின் கையில் கோரை என்னவாகிறது என்று பாருங்கள். கோரையும் நாரும் கம்பளியும் பருத்தியும் இருக்க அரிசி எதற்கு?

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு ஐ.எஸ்.ஐ. தரமுத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டில்தானே செய்கிறோம் என்பது விலக்காகாது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. ஆனால் அது தரமுத்திரைக்கு ஈடாகாது. தங்கள் பொருள் எதில் அடங்கும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்த பின் தொடங்குங்கள்.

மற்றொன்று நாவின் அமானிதம். ஆட்டிசம் போன்ற நிலையிலுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இப்பொருட்களை ஏக்கத்தோடு வாங்குகிறார்கள். இதை வாங்கினால் பிள்ளை பேசிவிடும், குணமாகிவிடும் என்று ஒரு சொல்லும் கூறாதீர்கள். அமைதியாக விளையாட இது உதவக்கூடும் என்பதோடு நிறுத்துங்கள். மருத்துவரையும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரையும் காணச் சொல்லுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் உள்ளது என்பதையும் எடுத்துரையுங்கள். ஒரு தாயின் கண்ணீரை விளம்பரமாக்கிப் பெறும் பணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

இறுதியாகக் கணக்கு. அச்சகோதரி முதலில் ஒரு தொகுப்பின் அடக்கம் 55 ரூபாய், எனவே லாபம் 95 ரூபாய் என்று எண்ணியிருந்தார். அதற்கு இரண்டு மணி நேரம் தைத்தாரே? மணிக்கு 50 ரூபாய் என்று தம் உழைப்புக்கு விலையிட்டால் அடக்கம் 155 ரூபாய். ஆக, ஒவ்வொன்றையும் ஐந்து ரூபாய் நட்டத்தில் விற்றிருக்கிறார்! அந்த அவசரத்தில்தான் தையலும் ஒற்றை வரியாயிற்று. இன்று இரண்டரை மணி நேரம் தைக்கிறார். துணிக்கும் நூலுக்கும் இருபது ரூபாய் கூடுதல். அடக்கம் 200 ரூபாய். விற்பது 220 ரூபாய்க்கு. உழைப்புக்குரிய கூலியை விலையில் சேர்ப்பது பேராசையன்று; நன்றாகத் தைப்பதற்கான அவகாசத்தை அதுவே தருகிறது. கடனாகக் கொடுத்தால் எழுதி வையுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியதுதான். யார் வாங்கினார் என்பதையும் எழுதி வையுங்கள். அது இல்லாததால்தான் அந்த நான்கு வீடுகள் இன்றும் அகப்படவில்லை.

நபி தாவூது (அலை) அவர்கள் தம் கையுழைப்பிலிருந்தே உண்டு வந்தார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் வேலை செய்து, அந்த வருவாயைத் தர்மம் செய்தார்கள். அந்த வழியில் ஊசியும் நூலும் ஏந்தும் நம் சகோதரிகளின் கரங்களுக்கு வல்ல அல்லாஹ் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! அவர்கள் செய்தளிக்கும் பொருட்களை ஏந்தும் பிஞ்சுக் கரங்களைத் தன் பாதுகாப்பில் வைப்பானாக! ஆமீன்.