நாற்பது நாள் பணிவிடை



திருச்சியில் பிறந்த திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா, பாலின மாற்று அறுவைச் சிகிச்சைக்காகக் கடப்பாவுக்குச் சென்றதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அன்று அவருக்குத் துணைநின்றது திருநங்கையர் சமூகமே. 2008இல் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சைக்கு வழி பிறந்தது. சபையோ இன்னும் கதவைத் திறக்கவில்லை.

இது ஒரு நாளில் முடியும் காரியமல்ல. முன்னே மனநல ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை. பின்னே சிறுநீர்க் குழாய், காயப் பராமரிப்பு, பல வார ஓய்வு. புதிதாக அமைத்த பெண்ணுறுப்பின் பாதை சுருங்காதபடி மாதக்கணக்கில் டைலேட்டர் பயன்படுத்த வேண்டும். தாழிட்டுக்கொள்ள ஓர் அறையும், கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு கையும் இல்லாதவள் இதை எப்படித் தாங்குவாள்? திருநங்கையர் ஜமாத் தன் மகளை 40 நாள் வைத்துப் பேணுகிறது. லெந்து காலத்தில் 40 நாள் உபவாசிக்கும் நாம் என்ன செய்கிறோம்?

“தேவன் தந்த சரீரத்தை மாற்றலாமா?” என்கிறீர்கள். அண்ணகரும் திருநங்கையரும் ஒன்றல்லர். ஆயினும் சரீரத்தின் நிமித்தம் உபாகமம் 23 புறம்பாக்கியவர்களுக்கு ஏசாயா 56 ஆலயத்துக்குள்ளேயே இடமளித்ததை வாசியுங்கள்.

வியாதிப்பட்டோரை விசாரித்தோமா என்றே நியாயத்தீர்ப்பில் கர்த்தர் கேட்பார். திருச்சியானாலும் ஸ்ரீரங்கமானாலும் அந்த வீட்டுக்குச் செல்லுங்கள், கேள்விகளோடன்று, கஞ்சியோடு. ஆமென்.