கேமராவும் சுமந்தவர்

மவுண்டன் பைக்கின் 'தந்தையர்' என்று நாலைந்து ஆண்களைச் சொல்கிறார்கள். சைக்கிளுக்குக்கூடத் தாய் கிடையாது போலும். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் அவர்களோடு வெண்டி கிராக்கும் ஓட்டினார். அதே கனத்த பழைய சைக்கிள், கூடவே கேமரா. 1976இல் தொடங்கிய பந்தயத்தின் சரிவில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்தே தீர்ந்துவிடும். பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். 'ரீபேக்' என்ற பெயரே அதனால்தான். அந்தப் புழுதியும் வேகமும் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் வெண்டியின் படங்களால். அவரையோ 'புகைப்படக்காரர்' என்று ஓரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மேட்டில் அவர் சைக்கிளைத் தள்ளி ஏறியதை யார் கணக்கில் எழுதுவது?

"படங்களில் பெண்களை அதிகம் காணோமே, மேடம்" என்றாள் என் மாணவி. எடுத்தவர் யாரென்று பார்க்கச் சொன்னேன்.