சிந்திக்க ஒரு சிலந்தி

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரைதேட அவிழ்த்தும் விடாத பெண் தண்டனைக்கு ஆளானாள் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். திண்டுக்கல் மதரஸாவில் இதைப் பாடம் நடத்துகையில் மாணவர் ஒருவர் வினவினார்: “ஹஜ்ரத், சிலந்தி வளர்ப்போருக்கும் இது பொருந்துமா?”

பொருந்தும். ஆந்திராவின் குத்தியில் கிடைத்து, 1899-இல் அறிவியல் பெயர் பெற்ற நீலநிறப் பெருஞ்சிலந்தியை இன்று பல நாடுகளில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கின்றனர். உயிருள்ள பூச்சிகளே அதன் இரை. வளர்வதற்காக அது அவ்வப்போது தோலுரிக்கும். அதற்குமுன் இரையை மறுத்துவிடும். பெரும்பாலும் மல்லாந்து கிடந்தே உரிக்கும். இறந்துவிட்டதென எண்ணி எறிந்துவிடலாகாது. பசிக்குமே என்று இரங்கிப் பூச்சியை உள்ளே விட்டால், தோலுரித்து மென்மையாயிருக்கும் சிலந்தியை அப்பூச்சியே கடித்துக் கொன்றுவிடக்கூடும். நச்சுப்பற்கள் இறுகும்வரை சில நாட்கள், பெரிய சிலந்தியாயின் ஓரிரு வாரங்கள், நீர் மட்டும் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

பசித்தபோது ஊட்டுவது இரக்கம். வேண்டாதபோது பொறுத்திருப்பதும் இரக்கமே. உயிரை அடைத்து வைப்பவர் அதன் இயல்பை அறிந்திருப்பது கடமையாகும்.

அச்சிலந்தியின் காடோ சுருங்கிவிட்டது. அவ்வினமே அழிவின் விளிம்பில் நிற்கிறது. காட்டில் வாழ்வதைப் பிடிக்காமல் விட்டுவைத்தால், தன் இரையை அதுவே தேடிக்கொள்ளும். அந்த நபிமொழியின் மறுபாதி அதுவன்றோ!