பாபி மாமாவின் கல்யாணம்

குளோயிக்கு பாபி மாமா என்றால் உயிர். கல்யாணம் ஆகிவிட்டால் மாமாவுக்குத் தன் நினைப்பே இருக்காதோ என்று அவளுக்குக் கவலை. மாமா கட்டிக்கொள்ளப்போகிறவரும் ஓர் ஆண்தான். அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ‘பாபி மாமாவின் கல்யாணம்’ என்ற இந்தப் புத்தகம் 2008இல் முதலில் வந்தபோது கதைமாந்தர் எல்லாரும் கினிப்பன்றிகள்; 2020 பதிப்பில்தான் மனிதர்களானார்கள். இந்தக் குட்டிப் படக்கதை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், ஒரு நீதிபதியின் மாறுபட்ட தீர்ப்புக்குப் பின்னிணைப்பாகவும் ஆகிவிட்டது.

வழக்கு பிறந்த இடம் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி. வாஷிங்டனை ஒட்டிய ஊர்கள், ஒன்றரை லட்சத்துக்கு மேல் மாணவர்கள். 2022இல் இதுபோன்ற கதைப்புத்தகங்களை அங்குள்ள பள்ளிகளின் ஆரம்ப வகுப்புகளில் சேர்த்தார்கள். பிடிக்காத பெற்றோர் அந்த நேரத்தில் பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லலாம் என்றிருந்தது. 2023 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். கேட்பவர்கள் பெருகிவிட்டார்களாம், சமாளிக்க முடியவில்லையாம். இது என்ன நியாயம்? நாலு பேர் கேட்டால் கதவைத் திறப்பது, நானூறு பேர் கேட்டால் சாத்துவதா?

இன்னொரு சங்கதியும் உண்டு. மேரிலாந்தில் பாலியல் கல்வி வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். இந்தப் புத்தகங்களோ ஆங்கிலப் பாடத்துக்குள் வந்ததால் அந்த விதி எட்டவில்லை. ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ள முடியாதே என்று ஒரு குழந்தை சொன்னால் என்ன பதில் சொல்வது என்று ஆசிரியர்களுக்குக் குறிப்பும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ‘சும்மா கதைதானே’ என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

வழக்குப் போட்டவர்களில் முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். புத்தகத்தைத் தூக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. முன்கூட்டிச் சொல், என் பிள்ளையை விடு என்றுதான் கேட்டார்கள். 2025 ஜூன் 27இல் ஆறுக்கு மூன்று என்று அவர்கள் பக்கம் தீர்ப்பானது. ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெற்றோருக்குச் சாதகமான 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீதிபதி அலிட்டோ துணைக்கு அழைத்தார். கதை முழுவதையும் இணைத்து மறுத்தவர் நீதிபதி சோட்டோமேயர்.

எனக்குத் தீர்ப்பில் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் இரண்டு அப்பாக்கள் உள்ள ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், கதை தொடங்கும்போது யார் யார் எழுந்து போகிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டுதானே இருக்கும்? அதைவிட, எதற்கு இந்த வம்பு என்று ஆசிரியரே புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இதையும் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததையும் ‘பெற்றோர் உரிமை’ என்று ஒரே பையில் போட்டுப் பேசுகிறார்கள். அங்கே நடந்தது விலக்கு இல்லை, தடை. பாலின அடையாளம் பற்றிய பாடத்தை 2022இல் மூன்றாம் வகுப்புவரை சட்டம் போட்டு நிறுத்தி, அடுத்த ஆண்டே மேல் வகுப்புகளுக்கும் நீட்டினார்கள். ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வியல் என்ற உயர்நிலைப் பாடத்தை 2023 ஜனவரியில் நிராகரித்தார்கள். ஜூலையில் வந்த வரலாற்றுப் பாடத்திட்டத்தில், அடிமைகள் கற்ற தொழில்திறன் சில நேரங்களில் அவர்களுக்கே பயன்பட்டது என்று ஒரு வரி. என் மகள் அந்த உயர்நிலைப் பாடத்தைப் படிக்கட்டும் என்று ஒரு கறுப்பினத் தாய் நினைத்தால் நிரப்பித்தர அங்கே எந்தப் படிவமும் கிடையாது.