புதியவர் படித்துப் பார்க்காத புத்தகம் முடிந்த புத்தகம் அல்ல!

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். சேவ் செய்த ஃபைல் எங்கே போனது? தமிழில் டைப் செய்வது எப்படி? பிரிண்ட் எடுத்தால் ஏன் பாதிப் பக்கம் மட்டும் வருகிறது?

எங்கள் கடையநல்லூரில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்கு ஒரு லேப்டாப் கொண்டு வருவார்கள். கீபோர்டில் ஆங்கிலமும் அரபியும் இருக்கும், தமிழ் இருக்காது. ஹெல்ப் மெனுவைத் திறந்தால் அங்கும் ஆங்கிலம். கடைசியில் கம்ப்யூட்டர் சென்டர் தம்பியிடம் போய் நிற்க வேண்டியதுதான். அவர் இரண்டு நிமிடத்தில் சரிசெய்து விடுவார். என்ன செய்தார் என்று நமக்குத் தெரியாது. அடுத்த மாதம் அதே சந்தேகத்துடன் மறுபடியும் போவோம்.

இது மாற, நல்ல தமிழ்க் கையேடுகள் வேண்டும். அதை யார் எழுதுவது என்று கேட்கலாம். பலர் கூடி எழுதலாம் என்பதற்கு நல்ல உதாரணம் லிப்ரே ஆபீஸ். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. இதன் ஆங்கிலக் கையேடுகளைத் தன்னார்வலர்களே எழுதுகிறார்கள். ஒருவர் ஓர் அத்தியாயத்தை எழுதினால் வேறொருவர் சரிபார்க்கிறார். எந்த வெர்ஷனுக்கு எழுதியது, யார் யார் பங்களித்தார்கள் என்பதைப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே அச்சிடுகிறார்கள். யாரும் திருத்தி வெளியிடலாம் என்ற அனுமதியும் அதில் உண்டு.

தமிழிலும் இந்த வழி தொடங்கிவிட்டது. 2012 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிப் பலர் எழுதிய கட்டுரைகளைப் பகிரும் உரிமையுடன் வெளியிட்டது. அதில் வந்த தொடர்கள் பின்னர் மின்னூல்களாயின. இவற்றை வரவேற்கிறேன். ஆனால் எழுதி வெளியிடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எழுத ஆள் கிடைத்துவிடுவார். எழுதியதைக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

விஷயம் தெரிந்தவர் எழுதும்போது தனக்குப் பழகிவிட்ட படிகளை விட்டுவிடுகிறார். “ஜிப் ஃபைலைப் பிரித்து இன்ஸ்டால் செய்யவும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். புதியவருக்கு அதில் நான்கைந்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன. போதாததற்கு, வெர்ஷன் மாறினால் மெனுவும் மாறிவிடும். லிப்ரே ஆபீஸ் 2024 முதல் தன் வெர்ஷனுக்கு ஆண்டையும் மாதத்தையுமே எண்ணாக வைக்கிறது. 24.2, 24.8 என்று ஆண்டுக்கு இரண்டு. ஐந்து வருடத்துக்கு முந்தைய கையேட்டை வைத்துக்கொண்டு திரையில் தேடினால், தப்பு தன்னிடம்தான் என்று புதியவர் நினைத்து மூடிவிடுவார்.

“ஒன்றும் தெரியாதவர் திருத்தினால் புத்தகம் கெட்டுவிடாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். அவர் திருத்தி எழுத வேண்டாம், எங்கே நின்றுபோனார் என்று சொன்னால் போதும். திருத்துவது தெரிந்தவரின் வேலை. “வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு?” என்பது இன்னொரு கேள்வி. வீடியோவில் ஒரு படி மாறினால் அந்தப் பகுதியை மறுபடியும் எடுத்து, எடிட் செய்து, புதிதாக ஏற்ற வேண்டும். புத்தகத்தில் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது.

வெளியிடுபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அட்டையிலேயே வெர்ஷனையும் திருத்திய தேதியையும் போடுங்கள். குறைகளைத் தெரிவிக்க ஒரு இமெயில் முகவரி கொடுங்கள். பிடிஎஃப் மட்டும் தராமல், திருத்தக்கூடிய மூல ஃபைலையும் கொடுங்கள். வெளியிடும் முன் ஒரு புதியவரை உட்கார வைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கையேட்டைப் பார்த்துச் செய்யும்போது தடங்கல் வந்தால் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனையாவது பக்கம், எந்தப் படி, ஹெல்ப் மெனுவில் ‘அபவுட்’ காட்டும் வெர்ஷன் எண், திரையில் வந்த செய்தி. இவற்றை எழுதியவருக்கு அனுப்புங்கள். இன்றே செய்யுங்கள். ஆறு மாதத்தில் கை பழகிவிடும். எங்கே திணறினோம் என்பது அப்போது உங்களுக்கே நினைவிருக்காது.