சித்தப்பா கேட்ட கேள்வி

ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ என்றதும் எல்லோரும் அரசன் முடியிறக்கும் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இரண்டாம் அங்கத்தில் ஓர் இடம்தான் முக்கியம். சித்தப்பா ஜான் ஆஃப் காண்ட் கண்ணை மூடியதுமே, அயர்லாந்துப் போருக்குப் பணம் வேண்டுமென்று அவர் சொத்து முழுவதையும் ரிச்சர்ட் எடுத்துக்கொள்கிறான். அதற்கு உரிய மகன் போலிங்புரோக்கை ஏற்கெனவே நாடு கடத்தியாயிற்று. இன்னொரு சித்தப்பா, யார்க் கோமகன், பதறுகிறார். தகப்பன் சொத்து மகனுக்கு இல்லையென்றால் நீ எந்த உரிமையில் அரசனாய் இருக்கிறாய் என்று கேட்கிறார். 1377-இல், பத்து வயதில், பாட்டனுக்குப் பிறகு பேரன் என்ற ஒரே உரிமையில் தலைக்கு வந்த முடி அது. ரிச்சர்ட் காதில் வாங்கவில்லை.

ஆட்சி போனது அங்கேதான். வேலியே பயிரை மேய்ந்த பிறகு பிரபுக்கள் யாரை நம்புவார்கள்? என் சொத்தைக் கேட்க வந்தேன் என்று போலிங்புரோக் கரையிறங்கியதும் அவன் பின்னால் போகிறார்கள். அபிஷேகம் பெற்ற அரசனுக்காக வானவர்களே போரிடுவார்கள் என்று ரிச்சர்ட் வேல்ஸ் கரையில் பேசுகிறான். அவனுக்காகக் காத்திருந்த பன்னிரண்டாயிரம் வீரர்கள் முந்தின நாளே கலைந்துவிட்டார்கள்.

ஆனால் தோற்கத் தோற்கத்தான் அவன் மீது நமக்குப் பிரியம் வருகிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் முடியின் ஒரு பக்கத்தைப் போலிங்புரோக்கைப் பிடிக்கச் சொல்லி, மறுபக்கத்தைத் தான் பிடித்துக்கொள்கிறான். ஒரே கிணற்றின் இரண்டு வாளிகள் நாம் என்கிறான்: நீர் நிறைந்து கீழே கிடப்பது நான், வெறுமையாய் மேலே ஆடுவது நீ. பிறகு தன் கண்ணீராலேயே தன் அபிஷேகத்தைக் கழுவுகிறான். அதைச் செய்யும் அதிகாரம் அந்தச் சபையில் வேறு யாருக்கும் இல்லை. அரசனைக் கவிழ்த்த துரோகிகளில் தானும் ஒருவன் என்று அந்தக் கணத்தில் அவனுக்கே தெரிகிறது. அந்த இடத்தை என்னால் ஒரு முறையும் கலங்காமல் படிக்க முடிந்ததில்லை.

1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் நாற்பது ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து இந்த நாடகத்தைக் குளோப் அரங்கில் போடவைத்தார்கள். மறுநாள் எசெக்ஸ் அரசி எலிசபெத்துக்கு எதிராகக் கலகம் செய்ய லண்டன் தெருவில் இறங்கினான். ஊர் அவனோடு சேரவில்லை. முடியிறக்கத்தைப் பார்த்தவர்கள் யார்க்கின் கேள்வியைக் கவனிக்கவில்லை. எசெக்ஸின் பெரிய மனக்குறை, இனிப்பு ஒயின் சுங்கக் குத்தகையை எலிசபெத் புதுப்பித்துத் தரவில்லை என்பது. அது அவன் பிறப்புரிமை அல்ல, அரசி கொடுத்தது. பிப்ரவரி 25-இல் அவன் தலை போயிற்று.

1597-இல் வந்த முதல் பதிப்பில் முடியிறக்கும் காட்சி இல்லை. எலிசபெத் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1608-இல்தான் அது அச்சேறியது.